குஞ்சுகளுக்கான மாத்திரை

கால் வீங்கியவளுக்கு மருந்தில்லை, ஓடியாடித் திரிகிறவளுக்கு மருந்து உண்டு என்றால், அந்த மருந்து உண்மையில் யாருக்காக? எட்டு வயதில் என்னை உறுத்திய முதல் கேள்வி இது. அப்போது அதை ஒருவரிடமும் கேட்காமல், விடையை நானே முடிவுசெய்துகொண்டேன்.

ஐம்பதுகளின் பிற்பகுதி. கோவளத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் இருந்தோம். அம்மாவின் இடது கால் முழங்காலுக்குக் கீழே தூண்போலத் தடித்திருந்தது. அந்தக் காலோடுதான் தலையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்பாள். வீக்கம் இன்னும் ஏறினால் அவளால் நடக்க முடியாது என்பது, யாரும் சொல்லாமலே வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

யானைக்கால் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் இரத்தத்தில் நடமாடுமாம். அதனால் சுகாதார ஊழியர் ஒருவர் இரவில் வந்து எங்கள் விரல்களில் குத்தி இரத்தம் எடுத்துப் போனார். அடுத்த வாரம் மாத்திரைகளோடு வந்தவர், எங்கள் வீட்டில் என் பெயரை மட்டும் வாசித்தார். அம்மாவின் இரத்தத்தில் குஞ்சுகள் இல்லை. என் இரத்தத்தில் ஏராளம்.

“இது குஞ்சுங்களைத்தான் கொல்லும். தாய்ப்புழு அவ்வளவு லேசுல சாகாது” என்றார்.

வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். “தாயை வுட்டுட்டு குஞ்சை மட்டும் புடிக்கிறதுக்கு இன்னா வலை சார் இது? எங்க கடல்ல இத்த ஒருத்தனும் வாங்க மாட்டான்.”

ஊழியருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்கவில்லை. பெயரைத் தவறாக எழுதிவிட்டார்கள், அதைத் திருத்துவது என் பொறுப்பு என்று உறுதியாக நம்பினேன். தினமும் காலையில் அவர் வந்து தரும் மாத்திரையை, அவர் எதிரிலேயே கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீர் குடிப்பேன். பிறகு வீட்டுக்குள் ஓடி, அதை நசுக்கி அம்மாவின் கூழில் கலந்துவிடுவேன்.

“கூழு இன்னா இப்பிடி கசக்குது?” என்பாள் அம்மா.

“என் மூஞ்சியப் பாத்துகினு குடிக்கிற இல்ல, கசக்கத்தான் கசக்கும்” என்பார் அப்பா.

நான்காம் நாள், நான் தண்ணீர் குடித்து முடித்ததும் ஊழியர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். குஞ்சுகள் சாகும்போது காய்ச்சல் வருவதுண்டு. பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு முதல் நாளே வந்திருந்தது. “உனக்கு மட்டும் ஏன் சுடவேயில்லை? வாயைத் திற.”

மாத்திரை கன்னத்தில் இருந்தது. அம்மா கையை ஓங்கினாள்.

“உன் கால் நல்லாவட்டும்னுதான் உன் கூழுல போட்டேன்” என்றேன்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. அம்மா ஊழியரைப் பார்த்தாள். “இத்த நான் துன்னா கால் வத்துமா சார்?”

“வத்தாதும்மா. இவ ரத்தத்துல இருக்கிற குஞ்சைக் கொசு எடுத்துகிட்டுப் போயி, அடுத்த வீட்டுக் கொழந்தைக்கு வுட்டுடும். அதை நிறுத்தத்தான் இது.”

அம்மா ஓங்கிய கையை இறக்கினாள். பிறகு என் முகவாயைப் பிடித்து, “முழுங்கு” என்றாள்.

அன்று மாலை எனக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. செய்த திருட்டுத்தனத்துக்குத் தண்டனை என்றே நினைத்தேன். அம்மா என் நெற்றியை அத்தனை நிம்மதியோடு ஏன் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள் என்பது அன்றைக்கு விளங்கவில்லை.

மறுநாளிலிருந்து எங்கள் குப்பத்தில், மாத்திரை விழுங்கியவர்கள் வாயைத் திறந்து காட்ட வேண்டும் என்றாயிற்று. பார்த்துச் சொல்லும் வேலையை அம்மாவே ஏற்றுக்கொண்டாள்.