ஞாயிறு சொன்னதும் வியாழன் சொன்னதும்

கட்சிக்குள் நடந்த அந்த வாக்கெடுப்பைப் பற்றி என் கொப்பியில் ஒன்பது பதிவுகள் இருக்கின்றன. முதலாவது செப்டெம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்று, மாலை நாலரை மணி. ‘அத்தான் வந்தார். கையில் அங்கத்தவர் படிவங்கள்.’

அத்தான் என் அக்காவின் கணவர். டவுன்டவுனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கனடாவின் பிரெஞ்சு மாகாணத்தில், ரொக்ஸ்பரோவில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். சப்பாத்தைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டார்.

“பிள்ளை, எங்கட பெடியன் ஒருத்தன் நிக்கிறான். வக்கீல். பொதுத் தேர்தல் பேந்து. முதல் கட்சிக்குள்ள வெல்லோணும். அதுக்கு அங்கத்தவராச் சேர்ந்த சனம்தான் வோட்டுப் போடலாம். உன்ர எழுத்துத்தான் வடிவு. நீ நிரப்பு, நான் கையெழுத்து வேண்டுறன்.”

அன்று பதினொரு படிவங்கள் நிரப்பினேன். பெயர், முகவரி, தபால் குறியீடு எல்லாம் ஒவ்வொரு எழுத்தாகச் சரி பார்த்து. எங்கள் ஆட்கள் படிவத்தை இப்படித்தான் கொடுப்பார்கள்: ஒருவர் எழுத, மற்றவர்கள் கையெழுத்து வைப்பார்கள். யாருக்கு வாக்கு என்பதும் அந்த மேசையிலேயே முடிந்துவிடும். பதினொன்றாவது படிவம் என்னுடையது.

அத்தானுக்கு அரசியலில் ஆசை கிடையாது. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. யாழ்ப்பாணத்தில் தனியாக இருக்கும் எங்கள் அம்மாவை இங்கே கூப்பிட வேண்டும். தன் தாயை அவர் சின்ன வயதிலேயே இழந்தவர். அம்மாவை மாமி என்று அவர் கூப்பிடுவதில் பெற்ற மகள்கள் எங்கள் இருவரின் குரலிலும் இல்லாத ஒரு பிரியம் இருக்கும். ஆனால் பெற்றோரைக் கூப்பிடும் விண்ணப்பங்களுக்குக் கதவு மூடிக்கிடந்தது. நம்மவன் ஒருவன் நாடாளுமன்றம் போனால் திறக்கும் என்று அவர் நம்பினார். நம்பியதை அம்மாவுக்கும் தொலைபேசியில் சொன்னார்.

அதனால் வந்த வினைதான் என்னை உறங்கவிடவில்லை. அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. இடது கண் ஏறக்குறைய போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அறுவைக்கு நாள் கொடுத்திருந்தார்கள். அம்மா போகவில்லை. “கனடாவுக்கு வந்து செய்யலாம். உங்கை நல்லாச் செய்வாங்களாம், மருமோன் சொன்னவர்” என்றார். இரண்டாவது நாளும் கொடுத்தார்கள். அதற்கும் போகவில்லை. இரண்டு நாட்களையும் நான் எழுதிவைத்து, நடுவே கோடிட்டு வெட்டியிருக்கிறேன்.

ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு கோயிலின் கீழ் மண்டபத்தில் வேட்பாளர் பேசினார். கடுதாசித் தட்டில் வடையும் கேசரியும். பெடியனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். இங்கேயே பிறந்தும் தமிழ் தடுமாறாமல் வந்தது. “உங்கட அம்மா அப்பாவைக் கூப்பிடுற கதவை நான் திறக்க வைப்பன். இது என்ர வாக்கு” என்றார். கைதட்டல் நிற்கவே வெகுநேரம் ஆனது. அத்தான் கண்ணைத் துடைத்தார். நானும் தட்டினேன். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டேன்.

நாலு நாள் கழித்து வியாழன். வியாழக்கிழமைகளில் வேலை முடிந்ததும் நூலகத்தில் புத்தகம் திருப்பிக் கொடுப்பது என் வழக்கம். அன்று அங்கே கீழ் அறையில் அதே வேட்பாளரும் அவருக்கு எதிராக நின்ற பெண்மணியும் பேசினார்கள். எல்லாம் பிரெஞ்சில். எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை. நான் வேலை செய்யும் கார்ட்ரியில், குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளோடு பதினேழு ஆண்டு பழகியதால் எனக்குப் பிரெஞ்சு விளங்கும். ஒரு வயோதிபர் குடிவரவைப் பற்றிக் கேட்டார். எங்கள் பெடியன் சிறிதும் தயங்காமல் சொன்னார்: நாட்டால் தாங்க முடிந்த அளவுதான் எடுக்க வேண்டும், பெற்றோருக்கான வரிசையை இப்போதைக்கு மூடி வைத்திருப்பதே பொறுப்பான செயல். அங்கேயும் கைதட்டினார்கள்.

அதையும் எழுதிக்கொண்டேன்.

முடிந்ததும் அவரே என்னிடம் வந்து கைகூப்பினார். “அன்ரி, சுகமா? கோயிலில பாத்தனான் என்ன?”

“ஓம் தம்பி. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வேற கதை எல்லோ சொன்னீங்கள்?”

அவருடைய முகம் மாறவில்லை. குரலை மட்டும் தாழ்த்தினார். “அன்ரி, அங்க சனத்துக்கு நம்பிக்கை வேணும். இங்க இவையளுக்குப் பயம் போகோணும். முதல் உள்ள போனாத்தானே ஏதும் செய்யலாம்? நீங்கள் படிச்ச ஆள், உங்களுக்கு விளங்கும்.”

எனக்கு விளங்கியது. அதுதான் தொல்லை. அவர் சொன்னதில் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை.

மற்ற வேட்பாளர் ஹெயிட்டியில் பிறந்தவர், நெடுங்காலம் தாதியாக இருந்தவர். வாசலில் கோட்டு மாட்டிக்கொண்டிருந்த அவரிடம் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். முழுவதும் கேட்டார். பிறகு பிரெஞ்சில் சொன்னதை நான் வீட்டுக்கு வந்து தமிழில் எழுதினேன்: ‘மேடம், கதவைத் திறக்கும்படி கேட்பேன். ஆனால் திறப்பு என் கையில் இருக்காது. எத்தனை ஆண்டு என்று எனக்குத் தெரியாது. உங்கள் அம்மாவின் கண் அதுவரைக்கும் காத்திருக்காது.’

அவரிடம் ஒரு நம்பிக்கையும் கிடைக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது அவர் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

அக்காவிடம் கொப்பியைக் காட்டி, இரண்டு பக்கத்தையும் வாசித்தேன். சோற்றை வடித்துக்கொண்டே கேட்டாள்.

“உன்ர கொப்பியை மூடு. அந்த மனுசன் இந்தப் பெடியனை நம்பித்தான் எழும்பி நடக்குது.”

“அம்மாவும் அவனை நம்பித்தான் கண் செய்யாமல் இருக்கிறா.”

“அப்ப அந்த ஹெயிட்டிக்காரி வந்தா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவாவோ?”

“மாட்டா.”

“பேந்தென்ன? பொய்யெண்டாலும் எங்கட பொய். விடடி.”

வாக்கெடுப்புக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. ஒரு நாள் அவருக்கு என்று முடிவு செய்வேன்: பொய் சொன்னாலும் உள்ளே போனபின் நம் வீட்டிலிருந்து போகும் தொலைபேசி அழைப்பையாவது எடுப்பார். மறுநாள் தோன்றும்: எடுத்து எந்த மொழியில் என்ன சொல்வார்? வெற்றுச் சீட்டைப் போட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். எட்டாவது பதிவு முழுக்க இப்படி அடித்தும் திருத்தியும் கிடக்கிறது.

வாக்கெடுப்புக்கு முதல் நாள், நான் படிவம் நிரப்பிக் கொடுத்தவர்களில் வயதான ஒரு பெண் தொலைபேசியில் வந்தார். “தங்கச்சி, நீதானே எழுதினனி. ஆருக்குப் போடுறது?” கொப்பி என் முன்னால்தான் திறந்திருந்தது. வாசித்திருக்கலாம். “உங்களுக்குச் சரியெண்டு படுறவைக்குப் போடுங்கோ” என்றேன். அவர் சிரித்தார். “அப்ப எங்கட பெடியனுக்குத்தான்.” அந்தக் கோழைத்தனத்தை நான் வேறு யார் மேலும் சுமத்த முடியாது.

நவம்பர் ஞாயிறு. காலையில் முதல் பனி, மத்தியானம் கரைந்துவிட்டது. பாடசாலை மண்டபம் ஒன்றில் வரிசை. அத்தான் தன் வான் வண்டியில் ஆட்களை ஏற்றி ஏற்றி இறக்கினார். எனக்கும் கதவைத் திறந்துவிட்டு, “பிள்ளை, சீட்டில முதல் பேர்” என்றார். தடுப்புக்குப் பின்னால் பென்சிலோடு நின்றேன். அம்மாவை யார் கொண்டுவருவார் என்று கேட்டால் எனக்கு விடை இல்லை. யார் சொன்னதால் அம்மாவின் கண் போகிறது என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு விடை இருந்தது. இரண்டாவது பெயருக்கு நேரே குறியிட்டேன்.

இரவு எட்டு மணிக்கு முடிவைச் சொன்னார்கள். எங்கள் பெடியன் வென்றுவிட்டார். எத்தனை வாக்கு என்பதைக் கட்சி வெளியே சொல்வதில்லையாம். நான் நிரப்பிய பதினொரு படிவங்கள் எதையாவது மாற்றினவா என்று எனக்குத் தெரியவே போவதில்லை.

யாழ்ப்பாணத்தில் அப்போது திங்கட்கிழமை காலை ஆறரை. மண்டபத்துக்குள்ளேயே அத்தான் அம்மாவை வீடியோவில் எடுத்தார். “மாமி! பெடியன் வெண்டிட்டான்! இனிப் பெட்டியை அடுக்குங்கோ!”

அம்மா திரைக்கு மிக அருகே வந்து பார்த்தார். நெற்றிதான் தெரிந்தது. “ஆர் பக்கத்தில நிக்கிறது? சின்னவளே? மெய்யே பிள்ளை? நான் வரலாமோ?”

அக்கா என் முழங்கையைப் பிடித்தாள்.

“தெரியாதம்மா,” என்றேன். “கதவைத் திறக்கிறன் எண்டு அவர் கோயிலில சொன்னவர். பூட்டித்தான் வைக்கோணும் எண்டு நூலகத்தில சொன்னவர். ரெண்டையும் நான் கேட்டனான். நீங்கள் இதை நம்பிக் கொண்டிருக்காதேங்கோ. கண்ணை அங்கயே செய்யுங்கோ. இந்த மாதமே.”

அம்மா “சரி” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அத்தான் தொலைபேசியைப் பார்த்தபடி நின்றார். “நீ ஆருக்குப் போட்டனி?”

சொன்னேன்.

அவர் கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். “ஒரு மாதத்துக்கு முன்னமே எனக்குச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை” என்றார். பிறகு வானைத் திருப்பப் போய்விட்டார். முன்சீட்டில் அக்கா. பின்னால் நான். என் வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டுப் போனார்கள்.

அதன்பின் மூன்று சனிக்கிழமைகள் போய்விட்டன. அத்தான் வரவில்லை. அறுவைக்கு ஆஸ்பத்திரியில் மூன்றாவது முறையாக நாள் கேட்டதாக அம்மா இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் கேட்கிறேன். “பாப்பம்” என்கிறார்.