மகள் வரைந்த நாற்காலிப் படம்

சென்னையில் ஓவியம் படிக்கும் என் மகள், தான் வரைந்த படம் ஒன்றைக் கொண்டுவந்து கூடத்தில் மாட்டிவிட்டுப் போனாள். நாற்காலியில் ஓர் உருவம். கரிசல் நிறம். கண், மூக்கு, வாய் ஒன்றும் கிடையாது. முகத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு பட்டை. யாருடி இது என்று கேட்டதற்கு, "பாக்கிறவங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படித்தாம்மா" என்றாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. பள்ளிக்கூட வேலை, வீட்டு வேலை, பக்கவாதத்தில் விழுந்த கணவர். இதில் படத்துக்கு அர்த்தம் வேறு நான் கண்டுபிடிக்க வேண்டுமாக்கும்.

பசுவந்தனையிலிருந்து வந்த என் அண்ணன் மனைவி, செருப்பைக் கழற்றியதுமே கண்டுபிடித்துவிட்டார். எங்கள் சாதி சனத்தில் இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, தாடையை வெள்ளைத் துணியால் கட்டித்தான் வைப்போம்.

"ஏட்டி, கேத வீடு மாதிரில்லா இருக்கு! மனுசன் உசிரோட இருக்கையிலேயே இப்படி உக்கார வச்சுட்டீங்களே!"

அந்த மனுசன் எதிரே நாற்காலியில்தான் இருந்தார். காது நன்றாகவே கேட்கும்.

அன்றிலிருந்து அவருக்குக் கஞ்சி இறங்கவில்லை. கரண்டியைக் கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொள்வார். கண் படத்திலேயே இருக்கும். பயந்துபோனேன். மகள் மேல் கோபம், மதினி மேல் கோபம், அவர் மேலும் கோபம். ஞாயிற்றுக்கிழமை ஸ்டூலைப் போட்டு ஏறி, படத்தைக் கழற்றப் போனேன்.

"வேண்டாம்" என்றார். அவருக்குப் பேச்சு வார்த்தை வார்த்தையாகத்தான் வரும். "நானும்... அப்படித்தான்... நெனச்சேன். அது நானில்ல. நீ."

"என்னையவா சாகடிக்குதீங்க?"

"சாகல. அசந்து... உக்காந்திருக்கு." நல்ல கையால் வெள்ளைப் பட்டையைக் காட்டினார். "துண்டு. தலைக்குக் குளிச்சுட்டு... ஈரத்துண்டோட... உக்காந்தே தூங்குவல்லா."

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படித்தான் தூங்கிப்போகிறேன். அதை இந்த வீட்டில் யாரும் கவனித்திருப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

இறங்கிப் போய்க் கஞ்சியைக் கொண்டுவந்தேன். கரண்டியை நீட்டினேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

"நீ... மொதல்ல" என்றார்.

நான் ஒரு வாய் குடித்த பிறகுதான் அவர் வாயைத் திறந்தார். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.