பெட்டியில் போன வெள்ளை ஷூ

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்குத் தாராளமாகக் கிடைத்தது. பதினோரு வயதில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அன்று மதியம் அம்மா வைத்த மீன்குழம்பை இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டவள் நான். அதற்குக் கஷ்டப்பட்டது வேறொரு மனிதர்.

அப்போது நாங்கள் அஜ்மானில் இருந்தோம். அப்பாவுக்கு வேலை துபாயில். அங்கே வாடகை கட்டுப்படியாகாது. அஜ்மானிலும் கையைக் கடித்ததால் இரண்டு அறைகளில் ஒன்றை ஒரு பிலிப்பைன்ஸ்காரருக்கு விட்டிருந்தார்கள். ஐம்பது வயதிருக்கும், ஏசி மெக்கானிக். நான் அவரை மாமா என்று கூப்பிட்டேன். முதல் வாரம் அவர் கருவாடு பொரித்தபோது, "மனுஷி இருக்க முடியுதா இந்த வீட்டுல?" என்று மூக்கைப் பொத்தினாள் அம்மா. அவளும் நெத்திலிக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காத திருநெல்வேலிக்காரிதான். மூன்றாம் வாரம் இரண்டு பேரும் கருவாட்டைக் கைமாற்றிக்கொண்டார்கள்.

மாமா ஊரை விட்டு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சவுதி, குவைத், பிறகு இங்கே. தம்பி தங்கைகளைக் கரையேற்றி முடிப்பதற்குள் சொந்தப் பிள்ளைகள் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். ஊரில் யாருக்குப் பல்வலி என்றாலும் ஃபோன் இவருக்குத்தான் வரும். விடிகாலை கம்பெனி பஸ்ஸில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். வெள்ளிக்கிழமை ஒரு நாள் ஓய்வு. அன்றைக்கும் பால்கனியில் நாற்காலி போட்டுத் தன் ஊர்க்காரர்களுக்கு முடி வெட்டுவார். அவருடைய கடைக்குட்டிப் பெண்ணுக்கு என் வயது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை லீவில் போய்த்தான் அவளைப் பார்ப்பார்.

அவர் கட்டிலை ஒட்டி என் மார்பு உயரத்துக்கு ஓர் அட்டைப்பெட்டி நிற்கும். அது அவர்கள் வழக்கம். சோப்பு, பற்பசை, டின் இறைச்சி, துண்டு, சாக்லேட் என்று மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, கப்பலில் வீட்டுக்கு அனுப்புவார்கள். கடைக்குட்டிக்கு என்று வாங்கும் எதையும் என்மேல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மாமா பெட்டிக்குள் வைப்பார். எங்களிடம் பழகிய அரைகுறைத் தமிழில் "நீ, என் பாப்பா, சேம் சேம்" என்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். போடுவது நான், போவது அவளுக்கு!

அந்த வருடம் அவள் ஆரம்பப் பள்ளியை முடிக்கிறாள். மார்ச் மாதம் விழா. முதல் மாணவியும் அவள்தான், அதற்கு மெடல் உண்டு. அதை மேடையில் ஏறிக் குத்திவிட வேண்டியது பெற்றவர்களாம். மாமாவுக்கு மே மாதம்தான் லீவு. மேனேஜரிடம் கெஞ்சிப் பார்த்துவிட்டு வந்து, "மார்ச்ல மாஃபி" என்று, இல்லை என்பதை அரபியில் சொல்லிக் கையை விரித்தார். தான் போகமுடியாத மேடைக்கு ஒரு ஜோடி வெள்ளை ஷூ வாங்கினார்.

வெள்ளிப் பக்கிள் வைத்த ஷூ. நடந்தால் டக் டக் என்று கேட்கும். ஒரு வெள்ளிக்கிழமை காலை என்னை உட்காரவைத்து மாட்டிவிட்டார். எனக்கென்றே தைத்ததுபோல் இருந்தது. கழற்ற மனமே வரவில்லை. சிறியது என்று சொன்னால் அவளுக்கு உதவாது, எனக்கே வந்துவிடும் என்று மனம் கணக்குப் போட்டது. அந்த வயதில் நான் பெரிய கேடி.

"சரியா இருக்கா?"

"டைட் மாமா. விரல் மடங்குது."

அவர் குனிந்து ஷூவின் முனையைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். நான் காலை முன்னால் தள்ளி விரலால் முட்டினேன். நம்பிவிட்டார். "ஓகே ஓகே, மாஃபி முஷ்கில், பிரச்சினை இல்ல" என்று அப்போதே பஸ் பிடித்து, ஷூவை மாற்ற ஷார்ஜா கடைக்குப் போனார். சாயங்காலம் இரண்டு அளவு பெரிய ஜோடியோடு திரும்பினார். போட்டேன். குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரல் நுழையும். உண்மையைச் சொன்னால் அம்மா தோலை உரித்துவிடுவாள். "இப்ப சரியா இருக்கு" என்றேன். ஷூ பெட்டிக்குள் போனது. பெட்டி கார்கோவில் போனது.

ஏப்ரலில் மாமாவின் ஊருக்குப் போய்த் திரும்பிய ஒருவர் போட்டோ கொண்டுவந்தார். மேடையில் அந்தப் பெண் ஒற்றை ஷூவோடு நிற்கிறாள். அம்மாக்காரி மெடல் குத்துகிறாள். இன்னொரு ஷூ கழன்று படியில் கிடக்கிறது. எல்லோரும் சிரித்தோம், மாமாவும்தான். அப்புறம் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் பாதத்தைப் பார்த்தார்.

"உனக்குச் சரி. என் பாப்பாவுக்குப் பெரிசு. என் பாப்பா வளரல."

"சத்து பத்தாம இருக்கும்ணே. பால்பவுடர் வாங்கி அனுப்புங்க" என்றாள் அம்மா, நல்லெண்ணத்தோடு.

அன்றைக்கே ஃபோன் கார்டு வாங்கி வந்து மனைவியிடம் சத்தம் போட்டார். அந்த மனிதர் குரலை உயர்த்தி நாங்கள் கேட்டதே இல்லை. மே மாதம் அவர் ஊருக்குப் போகவில்லை. லீவை ரத்து செய்துவிட்டு வெள்ளிக்கிழமையும் டூட்டிக்குப் போக ஆரம்பித்தார். ஏன் என்று அப்பா கேட்டதற்கு, "ஓவர்டைம் பாய். பாப்பா ஃபர்ஸ்ட் வளரணும். நான் அடுத்த வருஷம்" என்றார். புதுப் பெட்டி வந்தது. அடியிலிருந்து மேல்வரை பால் டின்கள். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தவள் நான்தான்.

"நல்லா உதவி செய்யி ஏட்டி, பாவம் அந்த மனுஷன்" என்றாள் அம்மா. மாமா என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

மாட்டிக்கொள்ளவில்லை என்பது ஒன்றுதான் அன்றைக்கு என் மண்டையில் ஏறியது. பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று அவர் மனைவி ஃபோனில் தலைதலையாய் அடித்துக்கொண்டிருப்பாள். கூடவே இருந்து வளர்த்தவள் பேச்சை அவர் நம்பவில்லை. என் காலை நம்பினார். அந்த ஷூ எனக்கு எப்படித் தொளதொளவென்று இருந்ததோ அப்படித்தான் அவளுக்கும் இருந்து கழன்றது. மாமா சொன்னதுபோல் நாங்கள் இரண்டு பேரும் சேம் சேம்தான். நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த மே மாதம் அவள் தன் அப்பாவைப் பார்த்திருப்பாள்.