முனிரத்தினத்தின் தேதிகள்

இரவுச் சாப்பாட்டை வெயிலில் சாப்பிடுகிற ஊர் ஹாலந்து. கோடையில் மணி ஒன்பதாகியும் பொழுது சாய்வதில்லை. நட்சத்திரம் பார்க்க வந்தவனுக்கு இதைவிட எரிச்சல் வேறென்ன? அதனால்தான் எங்கள் ஆய்வுக்கூடம் பல தேசத்தாரைக் கூட்டுச் சேர்த்தது. சில நாளுக்கொரு முறை மங்கி மறுபடி ஒளிரும் நட்சத்திரங்களை ஜப்பானில் ஒருவர், தென்னாப்பிரிக்காவில் ஒருவர் என்று பார்த்துப் பட்டியல் அனுப்புவார்கள். திருப்பதிக்கு முனிரத்தினத்தின் பெயரை நான்தான் கொடுத்தேன்.

நானும் அவனும் புத்தூர்க்காரர்கள். திருப்பதியில் ஒரு கல்லூரி மாடியில் சின்னத் தொலைநோக்கியைச் சேர்ந்தே நிறுத்தினோம். ஹாலந்துக்குக் கிளம்பிய என்னை ரேணிகுண்டாவில் ரயிலேற்றியபோது, "நீ போய்க்கினே இரு, நான் பாத்துக்கினே இருக்கறேன்" என்றான். சொன்னபடியே மூன்று வருஷமாகப் பார்த்துவந்தான்.

சென்ற வருஷம் ஆய்வுக்கூடத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். "உங்கள் நண்பர் தூங்கிவிட்டு எழுதுகிறார்." எல்லோர் கணக்கிலும் மங்கிய நட்சத்திரம் திருப்பதிக் கணக்கில் ஒரு நாள் முன்பே மங்கியிருந்தது. மூன்று வருஷத்துப் பட்டியலையும் நீக்கப்போகிறாராம். அன்று முழுக்க ஓரிடத்தில் உட்கார முடியாமல் தாள்களைப் புரட்டினேன். சாயங்காலம் பார்த்தவையெல்லாம் சரியாக இருந்தன. பிசகியவை அத்தனையும் விடியலுக்கு முன் பார்த்தவை. அப்புறம்தான் உறைத்தது. எங்கள் வீடுகளில் விடிகாலை நான்கு மணிக்குப் பிள்ளை பிறந்தாலும் முந்தின நாளில்தான் சேரும்.

"சூரியன் உதித்தால்தான் எங்களுக்கு மறுநாள்" என்று தலைவரிடம் சொன்னேன்.

"சூரியனே தெரியாத எங்கள் குளிர்காலத்தில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். கேலி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. திருத்திக் காட்டச் சொன்னார். விடிகாலைக் குறிப்புகளுக்கெல்லாம் ஒரு நாள் கூட்டினேன். ஜப்பான்காரர் கணக்கோடு பொருந்திவிட்டது. பட்டியல் நீக்கப்படாமல் தப்பியது. இனி நண்பரையே சரியாக எழுதச் சொல்லுங்கள், பட்டியலில் போட அவருடைய மாநிலத்தின் பெயரையும் கேளுங்கள் என்றார்.

முனிரத்தினத்துக்கு எழுதினேன். புத்தூர் எந்த ராஜ்யத்தில் சேரும் என்ற எல்லைத் தகராறு உச்சத்தில் இருந்த நேரம். பேசுகிறபடியே பதில் எழுதியிருந்தான்: "ஊரு ஆந்திராவா மதராஸான்னு ஊட்டுக்கு ஊடு கையெழுத்து வாங்கிக்கினு இருக்காங்க. நீ இருந்திருந்தா ஒரு கையெழுத்து கூடியிருக்கும். ராஜ்யம் எதுன்னு எவனோ முடிவு பண்றான். நாளு எதுன்னாவது நான் எழுதிக்கறேன். பொழுது விடியாம நாளு எப்படிடா மாறும்? கூட்டணும்னா நீ கூட்டிக்க."

அந்தக் கையெழுத்துப் பேச்சு என்னை இன்னும் குடைகிறது. மாதாமாதம் பட்டியல் வருகிறது. விடிகாலைக் குறிப்பில் அவன் கறுப்பு மையில் எழுதிய செவ்வாய்க்கிழமையை அடிக்க எனக்குக் கை வரவில்லை. பக்கத்தில் சிவப்பில் புதன் என்று எழுதி, இரண்டுக்கும் நடுவே என் கையெழுத்தைப் போடுகிறேன்.