இஸ்மாயில் பாய் எடுத்துக்கொண்டு போகாத ஐசி

போன வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து திரும்பும்போது, நம் குடியிருப்பின் வாட்ச்மேன் முருகேசன் கேட்டைத் திறந்தபடியே சொன்னார்: "மாமி, உங்க வூட்டுக்கு கம்ப்யூட்டர் பாக்க வருவாரே ராயப்பேட்டை பாய், தவறிட்டாராம். நேத்தே அடக்கம் பண்ட்டாங்களாம்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாடியேறினேன். காரணம், நம் குடியிருப்பின் இந்த ஆண்டு மலரைப் படிக்கும் பலருக்குத் தெரியும். இரண்டு வருஷமாக அவரைப் பற்றி உங்களிடம் தப்பாகப் பேசி வந்தவள் நான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. விசைப்பலகைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய ஒரே பெட்டி. டிவியில் மாட்ட வேண்டும். எழுதியதை கேசட்டில் பதிந்து வைக்க வேண்டும். கல்யாணமான புதிதில் வந்தது. கூட வந்த புத்தகத்தை அகராதி வைத்துப் படித்து நானே கற்றுக்கொண்டேன். ஏகாதசி, அமாவாசை, சிலிண்டர் மாற்றிய நாள் எல்லாம் இன்றும் அதில்தான் இருக்கின்றன. பெண் வாங்கித் தந்த லேப்டாப் அலமாரியில் இருக்கிறது.

அது முதன்முதலில் படுத்தபோது வந்தவர் இஸ்மாயில் பாய். ரேடியோ, டிவி பழுது பார்ப்பவர். மூடியைத் திறந்ததும் குனிந்து முகர்ந்து பார்த்தார். "கருகின வாசன இல்ல மாமி. பொயச்சிக்கும்" என்றார். உள்ளே கறுப்புப் பூரான் மாதிரி வரிசையாகக் கால் வைத்த சில்லுகள், ஐசிகள். ஒவ்வொன்றையும் நெம்பி எடுத்து, பள்ளிக்கூட ரப்பரால் கால்களைத் தேய்த்து, திரும்ப அழுத்தினார். டிவியில் எழுத்து வந்தது.

அன்று அவர் செய்ததைப் பார்த்துத்தான் எனக்கும் மூடியைக் கழற்றத் தெரிந்தது. ஒரு நோட்டில் ஒவ்வொரு ஐசியின் மேலும் அச்சடித்திருந்த நம்பரை எழுதி வைத்துக்கொண்டேன். அந்த வருஷத்து ஆயுத பூஜைக்குப் பெட்டியின் மேல் பொட்டு வைக்கப் போனவளுக்கு, இது வெறும் சட்டைதானே, உயிர் உள்ளே அல்லவா இருக்கிறது என்று தோன்றியது. நாலு ஸ்க்ரூவையும் கழற்றி, இருப்பதிலேயே பெரிய ஐசியின் தலையில் சந்தனத்தைக் குழைத்து வைத்து, குங்குமமும் இட்டேன். பிறகு வருஷா வருஷம் அப்படித்தான்.

வருஷா வருஷம் ஐப்பசியில் மெஷினும் படுத்தது. பாய் வருவார். "மழ மாமி. ஈரம் பூந்துகீது" என்பார். "உங்க மெஷினுக்கு என்னவிட வயசு கம்மி, சீக்கு ஜாஸ்தி" என்று சிரிப்பார். முதுகைத் திருப்பிக்கொண்டு வெகு நேரம் எதையோ துடைப்பார். ஈரம் என்றே நானும் நம்பினேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் மெஷினை வீட்டுக்கு எடுத்துப் போய் நாலு நாள் வைத்திருந்து கொண்டு வந்தார். "ஒரு ஐசிக்கு கால் அரிச்சிப் போச்சு, மாத்திட்டேன்" என்றார். நான் நோட்டை எடுத்து வந்து பார்த்தேன். பெரிய ஐசியின் நம்பர் வேறாக இருந்தது.

"பழசு எங்கே பாய்?"

"போட்டுட்டேன் மாமி."

"என்கிட்ட காட்டாம எப்படிப் போடுவேள்? நான் நம்பர் எழுதி வெச்சுண்டிருக்கேன் தெரியுமோ?"

"நம்பரு வேறதான். வேல ஒண்ணுதான்."

"ஒரிஜினலை உருவிண்டு எதையோ சொருகியிருக்கேள். நன்னா இருக்கு உங்க நியாயம்."

கதவு திறந்தே இருந்தது. படியில் ஆட்கள் நின்றார்கள். பாய் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மெஷினு ஓடும் மாமி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

இனி யாரும் திறக்கக் கூடாதென்று மூடியைச் சுற்றி டேப் ஒட்டினேன். அதனால் ஆயுத பூஜைக்கு மேலே மட்டும் பொட்டு வைத்தேன். அடுத்த ஐப்பசியிலும் அதற்கடுத்த ஐப்பசியிலும் மெஷின் படுக்கவே இல்லை. "அவர் வராததுலேருந்து ரிப்பேரே இல்லை பாருங்கோ" என்று பஜனையில்கூடச் சொன்னேன். டிவி பழுது பார்க்க அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த நீங்களும் நிறுத்திவிட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ராயப்பேட்டைக்குத் துக்கம் கேட்கப் போனேன். அவருடைய மனைவி என்னைப் பார்த்ததும், "நீங்கதான சந்தன மாமி?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அப்டித்தான் சொல்வாரு. உங்க பூஜ முடிஞ்சா இவருக்கு வேல வந்துரும். சந்தனம் கால் வழியா எறங்கி அரிச்சிடுதாம். சொல்லித் தொலைங்களேன்னா, 'சாமின்னு நெனச்சி வெக்கிறாங்க, நான் போயி வெக்காதன்னு எப்டி சொல்றது'ம்பாரு. கடசில அந்த ஐசி போயே போச்சி. கட கடயா தேடிட்டு, அவுரு மெஷின்ல இருந்தே புடுங்கிப் போட்டாரு."

பரணிலிருந்து எங்கள் பெட்டியைப் போலவே ஒன்றை எடுத்துக் காட்டினார். உள்ளே, பெரிய ஐசி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"இப்ப ஓடுதா மாமி?"

ஓடுகிறது என்றேன். "ஓடினா சரி" என்றார். வாசற்படியில் நான் பேசியதை பாய் வீட்டில் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அங்கே என்னாலும் சொல்ல முடியவில்லை. அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

எந்தப் படிக்கட்டில் கேட்டீர்களோ, அந்தப் படிக்கட்டில் இருப்பவர்களே படியுங்கள். இஸ்மாயில் பாய் எங்கள் வீட்டிலிருந்து எதையும் எடுக்கவில்லை. தம்முடையதைக் கொடுத்துவிட்டுப் போனார். பொய் சொன்னது நான்.

பாய், உங்களைக் கும்பிட்டு வழியனுப்ப எனக்குத் தகுதி இல்லை. இது அச்சாகி வந்ததும் உங்கள் வீட்டுக்குப் போய், உங்கள் மனைவியின் முன்னால் நின்றபடி நானே முழுவதும் படித்துக் காட்டுவேன். இந்தத் தடவை அவர் டீ கொடுப்பாரா, தெரியாது.