டேப்பின் அகலம்

என் சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ஒரு டேப் சுருள் இருக்கும். ஆம்பூரில் ஒரு தோல் ஃபேக்டரியில், ஃபினிஷிங் செக்‌ஷனில் பல வருடமாக எனக்கு அதுதான் வேலை. கலர் அடித்துக் காய்ந்து வரும் தோலின் மேல் டேப்பை ஒட்டி, கட்டை விரலால் அழுத்தி, வெடுக்கென்று இழுப்பேன். டேப் சுத்தமாக வந்தால் தோல் பாஸ். துளி நிறம் ஒட்டிக்கொண்டு வந்தாலும் அந்த லாட் மொத்தமும் திரும்பிப் போகும். இழுத்துப் பார்க்காமல் எதையும் நம்பக் கூடாது என்கிற புத்தி இப்படித்தான் எனக்குள் ஊறியது. வீட்டுக்குப் புது பீரோ வந்தபோதும் கதவின் உள்பக்கம் ஒட்டி இழுத்தேன். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டில் சோபாவை நகத்தால் சுரண்டிப் பார்த்ததற்கு என் மனைவி இன்றைக்கும் திட்டுகிறாள்.

அக்காவின் காரிலும் அந்த டேப்பைத்தான் ஒட்டினேன்.

அக்கா வேலூரில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னைப் படிக்க வைத்தாள், படுக்கையில் விழுந்த அம்மாவைக் கடைசி வரை வைத்துப் பார்த்தாள். அம்மா போன பிறகு, திடீரென்று டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். இந்த வயசில் எதற்கு என்று நாங்கள் சிரித்தோம். அவள் பாட்டுக்கு லைசென்ஸ் வாங்கிவிட்டு, ஒருநாள் போன் செய்தாள்.

"தம்பி, அணைக்கட்டுப் பக்கம் ஒருத்தர்கிட்ட பழைய கார் ஒண்ணு வாங்கிட்டேன். வந்து பாரு."

வாங்கிட்டேன், வந்து பாரு. வாங்குவதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலூருக்குப் பஸ் ஏறும்போதே, அவளை யாரோ ஏமாற்றியிருப்பார்கள் என்று முடிவு செய்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், ஏமாற்றியிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நின்றது மெரூன் நிறக் கார். கூரை வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. பானெட் மட்டும் பளபளவென்று இருந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இடி வாங்கிய பானெட்டுக்கு மறுபடி பெயிண்ட் அடித்து அவள் தலையில் கட்டியிருக்கிறார்கள். அக்கா டீ போட உள்ளே போனாள். நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பானெட்டின் நடுவில் டேப்பை ஒட்டி இழுத்தேன்.

ஒரு சாண் நீளத்துக்கு, இரண்டு விரல் அகலத்துக்கு, பெயிண்ட் டேப்போடு வந்துவிட்டது. அடியில் சாம்பல் பூச்சு தெரிந்தது. பார்த்தாயா, நான் நினைத்தது சரி என்று ஒரு நொடி சந்தோஷம்கூட வந்தது. அதற்குள் அக்கா இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள்.

"எப்பிடிடா இருக்கு?"

அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிக்கொண்டு வந்த பிள்ளையின் முகம். டேப்பைக் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, பானெட்டை மறைத்தாற்போல் சாய்ந்து நின்றேன். "நல்லா இருக்குக்கா" என்றேன். அவள் மனசு நோகக் கூடாது என்று மறைத்ததாக ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயத்தில் மறைத்தேன், அவ்வளவுதான்.

நான்கு நாள் கழித்து அது அவள் கண்ணில் பட்டது. போன் செய்தாள்.

"பெயிண்ட் உரிஞ்சிருக்குடா. வந்ததும் வராததுமா சோப்புத்தூள் போட்டுத் தேய்ச்சுக் கழுவுனேன். அதனாலயா?"

எதிர்ப்பக்கம் அவள் காத்திருந்தாள். ஒரே ஒரு வரி சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "சோப்புத்தூளா? இன்னாக்கா நீ, துணி துவைக்கறத யார்னா கார்ல போடுவாங்களா?"

திட்டு வேறு.

அதற்குப் பிறகு அவள் சோப்புத்தூளைத் தொடவில்லை. பச்சைத் தண்ணீரில் துணி நனைத்து, குழந்தைக்கு உடம்பு துடைப்பதுபோல் ஒற்றி ஒற்றித் துடைத்தாள். ஆனால் வாய் திறந்த பெயிண்ட் நிற்குமா? முதல் மழைக்கு அந்தப் பட்டையைச் சுற்றி, பளபளப்புக்காகக் கலரின் மேல் அடித்த லேக்கர் தூக்கிக்கொண்டது. அடுத்த கோடைக்குள் பானெட் பாதி, பாம்பு உரித்த சட்டைபோல் வெள்ளை வெள்ளையாகப் பிய்ந்து நின்றது. காற்றில் செதில் படபடக்கும். நான் போகும்போதெல்லாம் மரத்தின் அந்தப் பக்கமாகச் சுற்றி வீட்டுக்குள் நுழைவேன்.

கார் வந்த புதிதில், தெருவில் இருந்த மூன்று பழைய நர்சுகளை ஞாயிறுதோறும் சர்ச்சுக்கு ஏற்றிக்கொண்டு போவாள். ஒருமுறை அமிர்தி வரைக்கும் போய், அருவியில் தண்ணீர் இல்லாவிட்டாலும் புளிசாதம் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். அந்தக் கதையை எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! பானெட் பிய்ந்த பிறகு அது குறைந்தது. சர்ச் வாசலில் யாரோ, "இன்னா சிஸ்டர், வண்டிக்குத் தோல் வியாதியா?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். அடுத்த வாரம் முழங்கால் வலி என்று சொல்லிவிட்டாள். பிறகு நால்வரும் ஆட்டோவில் போக ஆரம்பித்தார்கள். காரின் மேல் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போர்த்தி, நான்கு மூலையிலும் செங்கல் வைத்தாள்.

ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "ஒரு பொருள ஒழுங்கா வச்சிக்கத் தெரியலடா எனக்கு. அம்மா முதுகுகூட கடைசியில அப்பிடித்தான உரிஞ்சி போச்சு. நர்சுன்னு பேரு."

அம்மாவுக்குப் படுக்கைப் புண் வந்தது யார் குற்றமும் இல்லை. டாக்டரே அப்படித்தான் சொன்னார். நான் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தேன். சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்தது. ரசத்தோடு விழுங்கிவிட்டேன்.

மறுவாரமே, மேல்விஷாரத்தில் தெரிந்த பெயிண்டர் ஒருவரிடம் காரைக் கொண்டுபோக ஏற்பாடு செய்தேன். புதுசாக அடித்துவிட்டால் பழசு மறைந்துவிடும், வாயைத் திறக்க வேண்டியதே இல்லை என்பது என் கணக்கு. பேட்டரி இறங்கியிருந்தது. தெருவில் நான்கு பேர் தள்ளி ஸ்டார்ட் ஆனது. அக்காதான் ஓட்டினாள், ஓரமாக, ரொம்ப மெதுவாக.

பெயிண்டர் பாய் பெரியவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பானெட்டின் மேல் குனிந்தார். அவர் கேட்பதற்கு முன்னாலேயே அக்கா சொன்னாள்: "நான்தான் பாய் கெடுத்துட்டேன். விவரம் தெரியாம சோப்புத்தூள் போட்டுட்டேன்."

பாய் நகத்தால் தடவிக்கொண்டே தலையை ஆட்டினார். "சோப்புல இப்டி ஆகாதும்மா. இத அடிச்சவன் கீழ சரியா தேய்க்காம அடிச்சிருக்கான். இன்னிக்கில்லனா நாளைக்கு உரியற பெயிண்ட்டுதான்."

அப்பாடா என்றிருந்தது. எப்படியும் உரிந்திருக்கும், நான் இழுத்தாலும் இழுக்காவிட்டாலும். இதைப் பிடித்துக்கொண்டே ஆயுசை ஓட்டிவிடலாம் என்று தோன்றியது.

பாய் விடவில்லை. "ஆனா இங்க பாருங்க. சுத்தி லேக்கர் மட்டும்தான் போயிருக்கு. நடுவுல இந்தப் பட்டை மட்டும் கலரோட போயிருக்கு. ரெண்டு பக்கமும் ஸ்கேல் வச்ச மாதிரி கோடு. யாரோ டேப்பு ஒட்டி இழுத்திருக்காங்கம்மா."

"யார் பாய் இழுக்கப் போறா? நான்தான்..." என்று மறுபடியும் ஆரம்பித்தாள் அக்கா. பழியை வேறு யார் மேலும் போட அவளுக்கு மனசில்லை. என் கை தானாகச் சட்டைப் பையை மூடிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"நான்தான்க்கா இழுத்தேன். மொத நாளே. நீ டீ போட உள்ள போனப்ப."

பாய், பெயிண்ட்டைத் தேய்க்கிற வாட்டர் பேப்பரை எடுக்கிற சாக்கில் கடைக்குள் போய்விட்டார்.

"எதுக்குடா?"

"உன்ன ஏமாத்திட்டாங்கன்னு காட்டறதுக்கு. என்ன கேக்காம வாங்கிட்டன்னு கோவம்."

அறைவாள் என்று நினைத்தேன். நடுத்தெருவிலேயே அறையட்டும் என்று தயாராக நின்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பானெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் கெடுக்கலயா?" என்றாள்.

"இல்லக்கா."

"சோப்புத்தூள்னால இல்லயா?"

"இல்லக்கா."

கடைப் பக்கம் திரும்பி, "பாய், சோப்புல உரியாதுன்னு நெசமாத்தான சொன்னீங்க?" என்று சத்தமாகக் கேட்டாள். "மினுமினுப்பு கம்மியாகும்மா, உரியாது" என்று உள்ளிருந்து பதில் வந்தது. அவள் அங்கே கிடந்த பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்தாள். முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்தாள். என் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல வேள சொன்னடா" என்றாள். "நான் என் கையே சரியில்லன்னு நெனச்சிட்டிருந்தேன்."

என்னைத் தூக்கி வளர்த்த கை அது. நான் செய்ததற்கு அது எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தது.