பித்தளை வாடை

“…தின்னா நாக்கு போகுது, தின்னலேன்னா கால் போகும்கிறார் டாக்டர். நீயே சொல்லு மாப்ளே, எதை நான் வெச்சுக்க?” என்று கேட்டார் அத்தான்.

என் கையில் அவர் எச்சில் துப்புகிற கோளாம்பி இருந்தது. கழுவுவதற்காக அதைக் கவிழ்த்தபோது, துப்பிய சாயாத் தண்ணீரோடு பாதி கரைந்த வெள்ளை மாத்திரை ஒன்றும் வந்து விழுந்திருந்தது. முந்தின நாள் மதியம் என் அக்கா கண்முன்னால் அவர் ‘விழுங்கிய’ மாத்திரை.

எண்பதுகளின் தொடக்கம் அது. மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு தேயிலை மொத்த வியாபாரியின் கிடங்கில் நான் எடை பார்ப்பவன். என் அக்கா புருஷனுக்கு அங்கே வேலையே நாக்குதான். ஏலத்துக்கு வரும் தேயிலையின் மாதிரிகளை வரிசையாக வெள்ளைக் கிண்ணங்களில் சாயம் இறக்கி வைப்பார்கள். அவர் கரண்டியால் சுர்ரென்று உறிஞ்சி, கன்னத்துக்குக் கன்னம் உருட்டிவிட்டுக் கோளாம்பியில் துப்புவார். ஒரு சொட்டுகூடத் தொண்டைக்குள் போகாது. “முழுங்கினவன் குடிகாரன், துப்பினவன் தொழிலாளி” என்பார். அந்த நாக்குக்காக வெற்றிலை, பூண்டு எல்லாவற்றையும் விட்டவர். அவர் தலையாட்டினால் முதலாளி வாங்குவார், உதட்டைப் பிதுக்கினால் விட்டுவிடுவார்.

அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்ததே காலால்தான். தேயிலைப் பெட்டியின் தகர விளிம்பு பாதத்தைக் கீறிவிட்டது. எங்களுக்கெல்லாம் இரண்டு நாளில் ஆறுகிற கீறல், அவருக்கு ஒரு மாதமாகியும் ஈரமாகவே இருந்தது. “நாக்குல இனிக்க வேண்டியது ரத்தத்துல போய் இனிக்குது” என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர் மெட்ஃபார்மின் எழுதினார். சாப்பாட்டோடு தின்னச் சொன்னார்.

முதல் வாரம் வயிற்றைப் புரட்டி எடுத்தது. கிடங்குக்கு ஒரே கக்கூஸ். “ஆசான் இருக்குந்ந இடம் மாறிப்போயி” என்று, அவரை ஆசான் என்றே கூப்பிடும் பெட்டி தூக்குகிற சுமட்டுக்காரர்கள் சிரித்தார்கள். பசி மட்டுப்பட்டது, வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது. அதுவரைக்கும் அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அடுத்த வாரம், நல்ல தேயிலை ஒன்றை உறிஞ்சிவிட்டுப் “பித்தளை” என்று தள்ளினார். பக்குவமாக வாடாத இலைக்கு அப்படி ஓர் உலோக வாடை வரும். அதற்கு அடுத்ததும் பித்தளை. அதற்கு அடுத்ததும். இரண்டு நாள் கழித்து வீட்டில் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு, “தண்ணியும் பித்தளையா இருக்கே” என்று செம்பைக் கீழே வைத்தார். வாடை தேயிலையில் இல்லை, மாத்திரையால் அவர் வாயில்தான் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

அதற்குள் அவர் தள்ளிய தேயிலையைப் பக்கத்துக் கடைக்காரர் வாங்கிக் கலந்து நல்ல விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார். முதலாளி வந்து, “எந்தா ஆசானே, நாக்கு துரும்பெடுத்தோ?” என்று கேட்டார். துருப்பிடித்துவிட்டதா என்ற கேலிதான். ஆனால் இன்னொரு தடவை தப்பினால் தன் மருமகன் அத்தானின் முக்காலியில் உட்காருவான் என்றதில் கேலி இல்லை.

டாக்டரிடம் ஓடினோம். ஒரு மாதம் பொறுத்தால் வாய் பழகிவிடும், வாடை போய்விடும் என்றார். ஏலம் வாரந்தோறும் நடக்கிறது, நாக்குக்கு ஒரு மாதம் லீவு யார் கொடுப்பார்கள்? முதலாளியிடம் உண்மையைச் சொல்லவும் வழியில்லை. பஜாரில் ஒருவன் தும்மினால் பள்ளுருத்தியில் கஷாயம் வைக்கிற ஊர் இது. நாக்கு போன ஆசான் என்று பேர் விழுந்தால் அப்புறம் எந்தக் கிடங்கிலும் ஏற்ற மாட்டார்கள். இன்சுலின் ஊசிக்கு மாறலாமே என்றேன். “ஐஸ்பெட்டி இருக்கிற வீட்டுக்காரனுக்குத்தான்டா ஊசி” என்றார்.

இன்றைக்கு அதே மாத்திரையை என் மகள் தின்கிறாள். அவளுக்குச் சர்க்கரை இல்லை; மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போகிறதென்று கொடுத்திருக்கிறார்கள். சர்க்கரை எல்லையில் நிற்பவர்களுக்கும் கொடுக்கிறார்களாம், ஆயுசைக் கூட்டுமா என்றுகூடப் பார்க்கிறார்களாம். மெதுவாகக் கரைகிற மாத்திரை வந்துவிட்டது, சின்ன அளவில் தொடங்கி ஏற்றுகிறார்கள். “வாயில இரும்பு மாதிரி இருக்குப்பா” என்று அவள் சொன்னபோது எனக்கு அந்தக் கோளாம்பிதான் ஞாபகம் வந்தது. நல்ல மருந்துதான். அன்றும் அது நல்ல மருந்துதான்.

“அக்காகிட்ட சொல்லிடப்போறேன் அத்தான்” என்றேன் அன்று, கோளாம்பியை நிமிர்த்தி வைத்துவிட்டு.

“சொல்லு. அவ பக்கத்துலயே உக்காந்து முழுங்க வைப்பா. அப்புறம் நாளைக்கு நம்ம வீட்டு அடுப்புல பூனை படுத்திருக்கா, உலை கொதிக்குதான்னு பாத்து அதையும் வந்து சொல்லு.”

முன்னால் போனால் முட்டுது, பின்னால் போனால் உதைக்குது என்பார்களே, அந்த மாட்டிடம் அன்று இரண்டு பேரும் மாட்டியிருந்தோம்.

மதியம் அக்கா தூக்குச்சட்டியோடு கிடங்குக்கு வந்தாள். அவர் கஞ்சி குடித்து முடிக்கும்வரை நின்றாள். காலின் கட்டைக் குனிந்து பார்த்தாள், துணி நனைந்திருந்தது. மாத்திரையைத் தன் கையாலேயே அவர் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள்.

“எங்கே, ஆ காட்டுங்க.”

காட்டினார். நாக்கைத் தூக்கியும் காட்டினார். அக்கா என் பக்கம் திரும்பினாள். “முழுங்கிட்டார்தானேடா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் அந்த நனைந்த கட்டைப் பார்த்தேன்.

“ம்” என்றேன்.

அக்கா சட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அவள் தெருமுனை திரும்பும்வரை அத்தான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, கன்னத்து இடுக்கிலிருந்து மாத்திரையைக் கோளாம்பியில் துப்பினார். வாயை இரண்டு முறை கொப்பளித்துவிட்டு, அடுத்த கிண்ணத்தை அருகே இழுத்துக்கொண்டார்.